எபனேசர் டிடிபி, குலசேகரம்

ஒரு கம்ப்யூட்டர், ஒரு மவுஸ்,
ரெண்டு ராஜாக்கள்.
அவன் முறை வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
"அங்கோட்டு பாருல" என்பான் ஷிபின்.
அங்கோட்டு என்றால்
கல்யாணக் கார்டு மாதிரிகள் ஒட்டிய சுவர்,
அதைத் தாண்டி ஷட்டர் இடுக்கு,
இடுக்கில் கொஞ்சம் அரசமூடு ஜங்ஷன்,
கடைசி பேச்சிப்பாறை பஸ் மழையோடு திரும்பும் சத்தம்.

அந்த விளையாட்டில் பாதியை
நான் காதால்தான் ஆடினேன்.
குளம்படி கேட்டால் அவன் குதிரை நகர்கிறது.
காசு குலுங்கினால் புதையல் பெட்டி.
ஒன்றுமே கேட்காமல் நெடுநேரம் போனால்
என் எல்லைக்கு வந்துவிட்டான்,
யோசிக்கிறான்.

பூதங்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் இருந்தது,
எங்கள் வாயில் நிற்காது.
கழுகுத் தலையும் சிங்க உடம்புமாய் ஒன்று,
திருவட்டாறு கோயில் தூணில் பார்த்த ஜாடை,
யாளி என்று வைத்தோம்.
எலும்புக்கூட்டுப் படை, ஒல்லியன்மார்.
மர மில்லைப் பிடித்தால் நாளுக்கு ரெண்டு தடி வரும்.
ஷிபினின் அப்பா நிஜ மில்லில் அறுப்புக்காரர்,
ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு
"ரெண்டு தடிக்கு ஒரு மில்லா,
கரண்ட் பில்லுக்கே காணாதே" என்றார்.

கடை ஜெயசிங் மாமாவுடையது.
எட்டு மணிக்கு மேல் எங்களுக்கு.
ஒரே நிபந்தனை:
சாவு வந்தால் எழும்பணும்.

சாவு பெரும்பாலும் ராத்திரியில்தான் வந்தது,
பைக்கில், ஒரு பாஸ்போர்ட் போட்டோவோடு.
போரை அப்படியே சேவ் செய்துவிட்டு
ஸ்டூலை விட்டு எழுவோம்.
மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டி
'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' போஸ்டரில்
பெயரையும் தேதியையும் மாற்றுவார்.
பேரப்பிள்ளைகள் வரிசையில் தகராறு வரும்.
ஒருத்தியை விட்டுவிட்டால் மறுபடி பிரிண்ட்.

சேவ் செய்யப் பெயர் கேட்குமே,
ஷிபின் ஒருமுறை யோசிக்காமல்
அன்றைக்குச் செத்தவரின் பெயரை அடித்தான்.
அப்படியே பழக்கமாயிற்று.
ஏசுவடியான். கொச்சப்பி. சொர்ணபாய் டீச்சர்.
சொர்ணபாய் டீச்சர் 2,
முதல் போஸ்டரில் போட்டோ மாறிப்போனதால்.
"கொச்சப்பியைத் தொறல,
அதுல எனக்கு மூணு டிராகன் உண்டு"
என்று நாங்கள் பேசியதைக் கேட்டு
ஜெராக்ஸ் எடுக்க வந்த அக்கா ஒருத்தி
மீதிச் சில்லறை வாங்காமல் இறங்கிப் போனாள்.

அந்த விளையாட்டில் தோற்ற வீரன் சாவதில்லை.
அடுத்த வாரம் சத்திரத்தில் உட்கார்ந்திருப்பான்,
படை இல்லாமல், கற்றது எதுவும் மறக்காமல்.
ரெண்டாயிரத்து ஐந்நூறு பொற்காசு கொடுத்தால்
யார் கொடியையும் பிடிப்பான்.
மாமாவிடம் இதைச் சொன்னோம்.
"கொள்ளாமே, விலையும் கம்மிதான்" என்றார்
என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டே.

இப்போது ஷிபினுக்கு சலாலாவில் ஏசி மெக்கானிக் வேலை.
எனக்குப் பெருங்குடியில் பதினோராவது மாடி.
அதே விளையாட்டை லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறேன்.
ஏழு எதிரிகளையும் மெஷினே ஆடிவிடும்,
நொடியில் முடிந்துவிடும் அவர்கள் முறை.
ஆட்டத்தையும் தானே சேவ் செய்துகொள்ளும், பெயர் கேட்பதில்லை.
ஜெயிக்கிறேன்.
எங்கும் திரும்பச் சொல்வதில்லை யாரும்.

அந்தக் கார்த்திகையில் மாமா நெய்யூர் ஆஸ்பத்திரியில்.
கடைக்கு நாங்கள் காவல்.
மூன்று மாத ஆட்டம், ஷிபினின் கோட்டை வாசலில் என் படை.
பைக் வந்தது.
போட்டோவைக் கையில் வாங்கிய பிறகுதான்
யாரென்று பார்த்தோம்.

ஷிபின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
பழைய வரியைத் திறக்கும் முன்
எங்கள் போரை மூடவேண்டும்.
பெயர் கேட்டது மெஷின்.
என்ன அடித்தான் என்று தெரியாது.
அவன் சொல்லாமலே
நான் அங்கோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.