மூன்றாம் ஸ்லாட்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
நாற்பத்தேழு டேங்கர் எண்ணிவிட்டேன்,
கடைசிப் பெட்டி இன்னும் வரவில்லை.
ஸ்கூட்டரை அணைத்தால் அவள் நினைப்பு வந்துவிடும்.
அணைத்தேன்.

பெயர் இல்ரேன்.
மூன்றாம் அத்தியாயத்தில் வந்து சேர்வாள்,
உடைந்த கேடயமும் கொஞ்சம் திமிருமாக.
வாள்வீச்சு சுமார். மந்திரம் சுத்தமாக வராது.
தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று:
பக்கத்தில் நிற்பவன் வாங்கும் அடியைத்
தன் கணக்கில் எழுதிக்கொள்வது.
அவன் கோடு பச்சையாக ஏறும், அவளுடையது சிவக்கும்.
"இன்னும் நிற்கிறேன்" என்பாள்.
எப்போதும் அதே ரெக்கார்டிங்தான்.
அதற்காகவே சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

பகலில் நான் மணலி பக்கம் ஒரு யார்டில்
கன்டெய்னர் சீல் நம்பர் சரிபார்ப்பவள்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஜெரால்டு கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் என் முறை.
கடல் காற்றில் இடது பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.
"பொம்மைக்குப் போய் அழுவுறியே எப்சி,
வயசு முப்பத்தொண்ணு ஆவுது."
அழவில்லை என்று சொன்னேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மதகு.
ஊர் மொத்தமும் படகேறும்வரை
உள்ளேயிருந்து ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும்.
அவளைத் தொண்ணூற்றொன்பதாம் லெவலுக்கு ஏற்றிப் பார்த்தேன்.
கடையிலிருந்த மருந்தையெல்லாம் வாங்கிப் பார்த்தேன்.
கோடரிக்காரத் தடியனை மதகடியில் நிறுத்திவிட்டு
அவளை நாலு தெரு தள்ளி வைத்தேன்.
காட்சி தொடங்கியது.
சக்கரத்தில் அவள் கைதான் இருந்தது.

"ப்ரோகிராம் சொன்னத செய்யுது, இதுல என்ன வீரம்?"
ஜெரால்டு கேட்பது நியாயம்தான்.
ஆனால் அவன் மெனுவைத் திறந்து பார்க்கவில்லை.
தண்ணீர் புகுந்து திரை வெளுத்த பிறகு
அவள் பெயர் இருந்த இடம் காலி.
பையில் மட்டும்
நான் போட்டுவிட்டதெல்லாம் திரும்ப வந்திருந்தது:
வெள்ளிக் கையுறை, மோதிரம்,
ஆறு மணி நேரம் ஓநாய் அடித்துச் சேர்த்த காசில்
வாங்கிக் கொடுத்த காலணி.
எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு
வெறுங்காலோடு இறங்கியிருக்கிறாள்.

இதுவும் ப்ரோகிராம்தான்.
எங்கள் யார்டிலும் கான்ட்ராக்ட் முடிந்தவர்கள்
ஹெல்மெட்டையும் ஷூவையும் ஸ்டோரில் வைத்துக்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.
நான் போட்டிருப்பது அப்படி வந்த ஷூ.
உள்ளே யாருடைய குதிகாலோ
பள்ளம் விட்டிருக்கிறது.

இவளை வடசென்னைக்கு உவமை சொல்லிவிடலாம்.
புகையையும் குப்பையையும் வாங்கிக்கொண்டு
இன்னும் நிற்கிறோம் என்று.
வேண்டாம்.
எங்களை யாரும் கேட்டுவிட்டுக் கொட்டவில்லை.
அவள் கேட்கும் முன்பே போனவள்.
இரண்டையும் ஒன்றாக்கினால்
அவளுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது.

மூன்றாம் ஸ்லாட்டில்
மதகுக்கு முந்தின இரவைச் சேமித்து வைத்திருக்கிறேன்.
முகாமில் நெருப்பு. குச்சியில் மீன்.
போய்ப் பேசினால்
"நாளைக்கு மழை வரும்போல" என்பாள்,
வேறொன்றும் சொல்ல மாட்டாள்.
சில ராத்திரி அங்கேயே நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன்.
அது அவள்மேல் வைத்த பிரியமா,
அவள் செய்ததைச் செய்யவிடாத அவமரியாதையா,
இன்னும் பிடிபடவில்லை.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட் ஏறுவதற்குள் பின்னால் ஹாரன்.
இருங்கப்பா.
ஒரு கால் ஊன்றித்தான்
வண்டியைக் கிளப்ப முடியும்.