அ.சா. 4

தம்புச்செட்டித் தெரு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
வழக்குக் கட்டைத் தமிழில் அவிழ்த்து
இங்கிலீஷில் கட்டித் தருகிறேன்.

மதியம் மூன்றரைக்கு
அரசுத் தரப்பு நாலாம் சாட்சி எஸ்தர் மேரி,
புளியந்தோப்பு, வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி,
என்னை நிறுத்திவிட்டாள்:

"எதிர்வீட்டில் சத்தம் கேட்டேன்.
அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
பிறகு போய்க் கேட்டேன்."

முதலாவது ஹியர்ட். சிக்கலில்லை,
தூறல் மாதிரி, தானாக மேலே விழுவது.
மூன்றாவது ஆஸ்க்ட். கதவைத் தட்டியிருக்கிறாள்.
நடுவில் இருக்கிறதே, அதுதான்.

லிசனிங் என்று அடித்தால்
அவள் காதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுகிறேன்.
"எத்தனை நிமிஷம் ஒட்டுக்கேட்டீர்கள் அம்மா?"
அடுத்த பக்கத்தில் குறுக்கு விசாரணை
பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
ஹியரிங் என்று போடலாம்.
ஆனால் இந்தத் தெருவில் ஹியரிங் என்றால் வாய்தா.
தவிர, அணைத்த அடுப்பு என்ன ஆவது?

ஜூனியர் வக்கீல் யூசுப் போனில்:
"ஏதோ ஒண்ணு போடுங்க மேடம், நாளைக்கு ஃபைலிங்."

கதவைத் திறந்தவள்
"ஒன்றுமில்லை அக்கா" என்று சொன்னாளாம்.
செட் என்றால் சுவரிடம்கூடச் சொல்லலாம்.
டோல்டுக்கு எதிரில் ஆள் வேண்டும்.
எஸ்தர் மேரி நின்றாள். ஈரக்கையோடு என்றுகூட இருக்கிறது.
டோல்ட்.

நடு வரியைக் காலியாக விட்டு
பீச் ஸ்டேஷனில் வண்டி பிடித்து
கோடம்பாக்கத்தில் இறங்கும்போது மணி எட்டு ஐம்பது.
பால் பாக்கெட், அரைக் கிலோ கத்தரிக்காய்,
லிஃப்ட் வேலை செய்யவில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது
மேல்வீட்டில் எதையோ இழுக்கிற சத்தம்.
பிறகு விழுகிற சத்தம்.
பிறகு டி.வி.யைக் கூட்டி வைக்கிற சத்தம்.

எனக்குக் கேட்கிறது.
அந்த வாக்கியத்தில் நான் எழுவாய் இல்லை.
நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்து
பாட்டுக்குத் தட்டுக் கழுவலாம்.
இரண்டு வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.
புதிதாக வந்தவர்கள், கட்டில் நகர்த்துகிறார்கள்,
கட்டிலை எத்தனை முறை நகர்த்துவார்கள்,

குழாயை மூடினேன்.