ஜப்பாண்டி

ஜப்பான் பாதி, நோர்வே டென்மார்க் மீதி,
சேர்த்து ஜப்பாண்டி என்கிறார்கள் என்றேன்.
பிறேமளா அக்கா பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டா.
"ஆண்டிதான் கா. பார்த்தாலே தெரியுது."

கூழாவடியில் எங்கள் முன்னறை
பதினாறுக்குப் பன்னிரண்டு அடி.
அதற்குள் ஒரு பன்பாய்,
முழங்கால் உயரத்தில் ஒரு மேசை,
சாம்பல் நிறச் சாடியில்
இலை உதிர்ந்த ஒற்றைக் கிளை
(வாங்கியதல்ல, மாமாங்கத்துக் குளத்தடியில் பொறுக்கியது).
மிச்சமெல்லாம் காற்று.
படங்கள் அனுப்பிய ஒஸ்லோ மச்சாளின் சன்னலுக்கு வெளியே பனி,
எங்கள் சன்னலுக்கு வெளியே நுளம்பு.
படம் எடுக்கும்போது மட்டும் வலையைக் கழற்றினோம்.

சீதனமாய் வந்த கண்ணாடி அலுமாரியை
பதினோரு வருடம் ஒருவரும் குடிக்காத
பூப்போட்ட கோப்பைகளோடு ஏறாவூருக்கு விற்றோம்.
அது நின்ற இடத்தில் சுவர் வெள்ளையாய் இருந்தது.
மற்ற இடமெல்லாம்
தானும் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

பெயின்ற் கடையில் மூன்று பின்னேரம்.
"வெள்ளை இல்ல, ஆனா வெள்ளை மாதிரி."
கடைப் பொடியன் அட்டையைத் திருப்பித் திருப்பிக்
கடைசியில் கேட்டான்,
"அரிசி கழுவின தண்ணியா அக்கா?"
அதேதான்.
அட்டையில் இல்லாததைக் கலக்கித் தந்தான்.

காத்தான்குடி லாபிர் நானா
கட்டிலின் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"கால் எங்க தங்கச்சி?"
இதுதான் நானா கால். ஐந்து அங்குலம்.
"மார்கழியில இது கட்டில் இல்ல, தோணி."
ரொஷாந்த் சிரித்தான்.
நானா சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
முற்பணத்தை எண்ணாமல் மடித்தார்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்,
சாமான் எப்ப வரும்?
வந்திட்டுது என்றால் ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு.
மூன்றாம் கிழமை ஒழுங்கை முழுக்கக் கதை:
அவனுக்கு வேலை போய்விட்டதாம்,
லீசிங்காரன் அள்ளிக்கொண்டு போனானாம்.
ஒரு மைம்மலில் பிறேமளா அக்கா
மதிலுக்கு மேலால் ஆறு பிளாஸ்ரிக் கதிரைகளை
ஒவ்வொன்றாய் இறக்கினா.
பிடியில்லாதவை. சிவப்பு.
சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.
"ஆறுதலாத் திருப்பித் தாங்க. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."
மறுக்க வாய் வரவில்லை.
குசினிக்குப் பின்னால் அடுக்கினேன்,
படத்தில் விழாத இடத்தில்.

மார்கழி சொல் தவறவில்லை.
மூன்று நாள் மழை. நாலாம் இரவு
கதவுக்குக் கீழால் ஒரு நாக்கு நீண்டது.
பன்பாய் மெல்ல எழுந்தது.
சாடி சாய்ந்தது.
மேசை மிதந்துபோய்க் கதவில் இடித்து இடித்து நின்றது,
வெளியே போகவேண்டும் என்று
சொல்லத் தயங்கும் விருந்தாளி போல.

டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டிலைத் தூக்கினோம்.
நாலு மூலைக்கும் நாலு சிவப்புக் கதிரை.
ஐந்தாவதில் அரிசி.
ஆறாவதில் காணி உறுதி.
பிறகு
தூக்குவதற்கு ஒன்றுமில்லை.
கை நாலும் சும்மா இருந்தன.
மதிலுக்கு அப்பால்
அலுமாரி இழுபடும் சத்தம், கோப்பைகள் உடையும் சத்தம்,
அக்கா யாரையோ ஏசும் சத்தம்.
ரொஷாந்த் மதிலேறிக் குதித்தான்.
பின்னால் நானும்.
விடியும்வரை அங்கே தூக்கினோம்,
தையல் மெசின், பிறிச், மூன்று சாமிப் படம்,
எதற்கென்று அக்காவுக்கே தெரியாத பதினெட்டுப் பெட்டி.

தண்ணீர் வற்றியது.
கணுக்காலுக்கு மேலே, சுவர் நாலிலும் ஒரு கோடு.
மட்டம் வைத்து அடித்தாலும் அப்படி வராது.
கீழே தேயிலைச் சாயம்,
மேலே அரிசி கழுவின தண்ணி.
"பொங்கலுக்குள்ள அடிச்சிடலாம்" என்றான்.
ம் என்றேன்.
இப்போது மாசி.

கதிரைகளைக் கழுவிக் கொண்டுபோனபோது
அக்கா ஐந்தைத்தான் வாங்கினா.
"ஒண்டு அங்க கிடக்கட்டும். நான் வந்தா எதில இரிக்கிற?"

எந்த மூலையில் வைத்தாலும்
அறை முழுவதும் அதையே பார்க்கிறது.
கட்டிலுக்குக் கால் நீட்ட வந்த லாபிர் நானா
பன்பாயைச் சுற்றிப் போய்
அதில்தான் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்.