இரவல் பெயர்

வெர்மான்ட் வழக்கறிஞர் ஒருவர்
வருடம் இருபது டொலர் அனுப்பினார்;
வட்டுக்கோட்டையில் கதிரித்தம்பி
அவர் பெயருக்கு மாறினான்.
ஜோசையா ஹார்ட்வெல்.
தாய்க்கு நாக்குப் புரளவில்லை.

பிறகு மல்லாகம் கோட்டில்
புறக்கிறாசி ஹார்ட்வெல்
வேலி அரைமுழம் நகர்ந்த கதையையே
முப்பத்தொரு வருடம் பேசினார்:
கதியால் யார் போட்டது,
கிணற்றில் எட்டிலொரு பங்கு,
விழுந்த காவோலை எவருக்கு.

அங்கே மற்றவரும்
உறைபனி மூடிய எல்லைக்கல்லுக்காகத்தான் வாதாடினாராம்.
"உங்கள் ஊரில் எதற்குச் சண்டை?"
என்று ஒருமுறை கேட்டெழுதினார்.
"ஐயா, உங்கள் ஊரில் எதற்கோ, அதற்கு."

பதிலுக்கு மரண அறிவித்தல்தான் கப்பலேறி வந்தது.
தன் பெயரைத் தானே அச்சில் வாசித்தார்;
கண்ணாடியைத் துடைத்தார்;
அடுத்த கட்சிக்காரரை வரச் சொன்னார்.

அன்று எழுதிய உறுதியில்
கதிரித்தம்பி என்று ஒப்பமிட்டார்.

செல்லாதென்று
திருப்பிவிட்டது கந்தோர்.