மொழிபெயர்ப்புக் கட்டம்

மனுவில் மூன்றாவது கட்டம்:
'கல்லில் வரும் வாசகம் அந்நிய மொழியெனில்
மொழிபெயர்ப்புடன்.'
வெல்ஷில் ஒன்று, போலிஷில் நான்கு,
லத்தீனில் நிறைய.
பாரிஷ் அலுவலகத்தில் பதினோரு வருடமாக
இதைத்தான் சரிபார்க்கிறேன்.
மெரியல் ஒக்கன்டன் நீட்டிய தாளில்
எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எழுத்து.

எனக்குத் தெரியும். ஸ்கார்பியில் எல்லோருக்கும் தெரியும்.
ஹல் துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
ரசீதுகளின் முதுகில் ஒருத்தி
ஏழு ஆறுகளும் ஓர் உப்புமலையும் வரைந்தாள்.
அங்கே வாழ்கிறவர்களுக்குப் பசி கொடுத்தாள்,
வரியும் கொடுத்தாள், சுங்கக்காரி அல்லவா.
மெய் மட்டுமே உள்ள ஓர் எழுத்தையும் கொடுத்தாள்.
உயிரைப் படிக்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.
அகராதி பாதியில் நிற்க
செத்துப்போனாள்.

அது ஆயிற்று அறுபத்திரண்டு வருடம்.
அதற்குள் எங்கள் கரையில்
நூறு மீட்டருக்கு மேல் கடல் தின்றுவிட்டது.
கீழத்தெருவில் ஒற்றைப்படை வீடுகளே இல்லை.
வருடந்தோறும் ஊர் வரைபடத்தைத் திருத்துவதும்
என் வேலைதான்.
அவளுடைய வரைபடத்தில்
ஒரு கூழாங்கல் நகரவில்லை.
காபிக்கடைக்கு அவளுடைய ஆற்றின் பெயர்,
கால்பந்து அணிக்கு அவளுடைய படையின் பெயர்,
என் தங்கையின் நாய்க்கு யாரோ ஓர் இளவரசியின் பெயர்.
நான் மட்டும் இருபதாம் பக்கம் தாண்டியதில்லை.
குதிரைகள் அதிகம்.

வில்ஃப் ஒக்கன்டன் நண்டு லாரி ஓட்டியவர்,
பிரிட்லிங்டனிலிருந்து லீட்ஸ் வரை.
மைல் கணக்கை அந்த எழுத்தில் எழுதி
முதலாளியிடம் இரண்டு முறை திட்டு வாங்கியவர்.

கடமைக்கு அகராதியை எடுத்துப் பார்த்தேன்.
கல்லுக்கான சொல் அதில் இல்லை.
வாசகர்கள் தொகுத்த, அதைவிடத் தடித்த
பிற்சேர்க்கையிலும் இல்லை.
மெரியலைக் கூப்பிட்டேன்: சொல் தப்பு.

'தப்பில்லை. அப்பா செய்தது.
அம்மா இரவுப்பணி முடிந்து வருவாள்.
நாங்கள் விழித்துவிடக் கூடாதென்று
சாவியை மெதுவாக,
அவ்வளவு மெதுவாகத் திருப்புவாள்.
அந்தச் சத்தத்துக்கு எங்கேயும் பெயரில்லை என்று
ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தார்.
இலக்கணம் சரிதான், யாரிடமும் கேளுங்கள்.
வேர் அந்த அம்மாளுடையது.'

படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள்.
உயிர் எங்கே விழுகிறது என்றேன்.
இன்னொரு முறை படித்தாள், வேறு மாதிரி.
'அப்பாவும் இப்படித்தான்,
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.'

கட்டம் சிறியது.
'மெதுவாகத் திறப்பது' என்று எழுதி அடித்தேன்.
'சாவி' என்று எழுதி அடித்தேன்.
பிறகு மேலே போய்,
'மொழி' என்ற இடத்தில்
'ஆங்கிலம்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.
மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து விளிம்பு
இருநூறு மீட்டர்.
பொறியாளர் கேட்டால் கணக்குச் சொல்வார்.

அன்றிரவு வீட்டு வாசலில் நின்றேன்.
உள்ளே எழுப்புவதற்கு ஆளில்லை.
இருந்தும் சாவியை மெல்லத் திருப்பி,
அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்,
உயிரை என் இஷ்டத்துக்குப் போட்டு.