மூன்றாம் மாடியின் பர்கர்

வால்டிவியாவில் அன்றும் மழை.
இரவுப் பணிக்கு நான் ஒருவன்தான்,
கையில் ஸ்க்ரூடிரைவர், இடுப்பில் சாவிக்கொத்து.
மூன்றாம் மாடியிலிருந்து யாஸ்னா அழைத்தாள்:
"வந்து அந்தப் பர்கரை எடுத்துவிட்டுப் போ."

குழந்தைகள் அறுவைப் பிரிவு.
மீனவர் சங்கம் உண்டியல் குலுக்கி வாங்கித் தந்த
விளையாட்டுப் பெட்டி.
திரையின் வலப்பக்கம்
மூன்று விளையாட்டுகளுக்கான இடத்தை அடைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தது பர்கர்.
சீஸ் வழிந்தபடியே இருக்கிறது,
தட்டைத் தொடுவதே இல்லை.
'இன்றிரவு மட்டும் பாதி விலை.'

நான்காம் கட்டிலில் நெவேன், ஒன்பது வயது.
காலை ஏழு மணிக்கு அறுவை.
தலைமாட்டில் தொங்கும் சீட்டு சொல்கிறது:
வாயில் எதுவும் கூடாது, தண்ணீர்கூட.
அவன் அழவில்லை.
"அதை எப்போ எடுப்பீங்க?" என்றான்.
பர்கரையா, டான்சிலையா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அமைப்புகளுக்குள் போனேன்.
அமைப்புக்குள் அமைப்பு, அதற்குள் இன்னொன்று,
வெங்காயம் உரித்த மாதிரி.
பதினோராம் பக்கத்தில் ஒரு பொத்தான்.
அணைத்தேன்.
கீழே பொடி எழுத்தில்:
'விளம்பரங்கள் குறையமாட்டா.
உங்களுக்குப் பொருத்தமில்லாதவையாக வரும், அவ்வளவே.'

பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு
இதைவிடப் பொருத்தமில்லாத எதைக்
காட்டிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.
காட்டினார்கள்.
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

இணையத்தைப் பிடுங்கினேன்.
இணையம் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றது பெட்டி.
முழுப்பணம் வாங்கிக்கொண்டு வீட்டை விற்றவன்
வாசல் மட்டும் என்னுடையது என்று
நாற்காலி போட்டு உட்கார்ந்த கதை.

யாஸ்னா ஒன்றும் பேசவில்லை.
கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்தாள்,
கத்தரியால் ஓரம் நறுக்கினாள்,
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால்
திரைமேல் ஒட்டினாள்.
விடியும்வரை நேரம் இருந்தது.
நெவேன் அதில் ஒரு கடற்சிங்கம் வரைந்தான்,
மீன்சந்தைப் படித்துறையில் கொட்டாவி விடுமே, அது.
அகலத் திறந்த வாய்,
உள்ளே கவனமாக இரண்டு டான்சில்.

எட்டு நாள் இருந்தது கடற்சிங்கம்.
குடலிறக்கத்துக்கு வந்த ஒருத்தி மீசை வைத்தாள்.
கை முறிந்தவன் இடக்கையால் தொப்பி போட்டான்.
ஒன்பதாம் இரவு
யாரும் கேட்காமலே பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
பர்கர் இடப்பக்கம் வந்து நின்றது.
சிங்கத்தின் வயிற்றுக்குள் இப்போது
கார்ப் பந்தயமும் கால்பந்தும்.

மறுபடி அழைப்பு. மறுபடி படி ஏறினேன்.
நான் போவதற்குள் யாஸ்னா
சிங்கத்தை உரித்து இந்தப் பக்கம் ஒட்டியிருந்தாள்,
புதுப் பிளாஸ்திரியால்.
"நீ எதுக்கு வந்தே?" என்றாள்.

கீழே வந்து
பதிவு எழுதக் கணினியைத் திறந்தேன்.
தொடக்கப் பட்டியில், கணக்கிடும் கருவிக்குப் பக்கத்தில்,
போன வாரம் காலியாக இருந்த கட்டத்தில்
அதே சீஸ்.
'பசிக்கிறதா, உவால்டோ?'

மணி மூன்று.
பசித்தது, பொய் சொல்வானேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மூன்றாம் மாடி, விளையாட்டுப் பெட்டி.
பழுது ஏதுமில்லை.
செய்தவர்கள் நினைத்தபடியே வேலை செய்கிறது.
செலவான பொருள்:
பிளாஸ்திரி, இருபது சென்டிமீட்டர்.