ஏழாம் எண் மேசை

தோ பாயோவில் ஈரச்சந்தைக்குப் பின்னால்
இருபத்து நான்கு மேசை போட்ட காப்பிக்கடை.
ஏழாம் எண்ணுக்கு ஒரு கால் குட்டை.
பீர் அட்டையை நான்காய் மடித்து
முட்டுக்கொடுத்திருக்கும்.

ஆறரைக்கு மேல் வருவோம்.
கிரேன் வருவார்.
டாக்சியை மாற்று ஓட்டுநரிடம் விட்டுவிட்டுத் தியோ.
ரஹ்மாட்டுக்குத் தேத்தண்ணி மட்டும், சீனி இல்லாமல்,
வீட்டிலிருந்து கொண்டுவரும் மூடிபோட்ட குவளையில்.
அப்புறம் நான். இங்கே எனக்குக் கணக்கு வாத்தியார் என்று பெயர்.
நான் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவன்.
ஒருநாள் பில்லைத் தப்பில்லாமல் கூட்டிவிட்டேன்,
பதினோரு வருடமாய் வாத்தியார்.

மெய் ஃபோங் எதுவும் கேட்கமாட்டாள்.
பெரிய போத்தல் இரண்டு, கண்ணாடிக் குவளை மூன்று,
ஐஸ் வாளியை டக்கென்று வைத்துவிட்டுப் போவாள்.
ஊற்றுவது எப்போதும் கிரேன்தான்.
குவளையைச் சாய்த்துப் பிடித்து,
நுரை ஒரு விரல். கூடினால் முகம் சுளிப்பார்,
தன் பிள்ளை பொய் சொன்னதுபோல.

பேச்சு என்ன பெரிய பேச்சு.
மழை, பந்து, நாலு நம்பர்,
மறுபடி பழுதான லிஃப்ட்.
வீட்டுக்கதையை யாரும் எடுப்பதில்லை.
தியோ ஒரு மாலை முழுக்கக்
குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கிரேன் அதை நிரப்பினார்.
பாதி குறைந்ததும் மறுபடி நிரப்பினார்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்கிற இடங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை.
புதனும் இல்லை.
வியாழன் மெய் ஃபோங் மூன்று குவளை வைத்தாள்,
ஒன்று காய்ந்தே கிடந்தது.

போன் நம்பர்?
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
இடது கைக்காரர், தெரியும்.
கடலையைத் தோலோடு தின்பார், தெரியும்.
துறைமுகக் கிரேனில் முப்பது வருடம்.
மேலிருந்து பார்த்தால்
முதலாளியும் கூலியும் ஒரே உயரம் என்பார்.
பெயர் தெரியாது.

தொழுகை முடிந்து திரும்பும்போது
நான்கு புளோக் தள்ளிக்
கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்ததைக்
கண்டுவந்தவர் ரஹ்மாட்.
போனோம். படத்தில் கிரேன், கழுத்தில் டை.
கீழே எழுதியிருந்தது: அரியமுத்து.
தியோ அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்,
மூன்றும் வேறுவேறு மனிதர்களாய் வந்தன.

மகள் எழுந்து வந்தாள்.
அப்பாகூட வேலை செஞ்சவங்களா?
இல்லை.
கோயில்ல தெரிஞ்சவங்களா?
இல்லை.
கூடக் குடிக்கிறவர்கள் என்று
சாவு வீட்டில் எந்த வாயால் சொல்வது.
நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
தியோதான் சொன்னார்,
'டேபிள் செவன்.'

அவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.
ரஹ்மாட்டின் கையிலிருந்த மூடிக்குவளையில்
கண் கொஞ்ச நேரம் நின்றது.
'இதுல கணக்கு வாத்தியார் யாரு?'

பள்ளிப்பிள்ளைபோலக் கையைத் தூக்கினேன்.

சனிக்கிழமை மெய் ஃபோங் மூன்று குவளைகளோடு வந்தாள்,
நின்றாள், ஒன்றைத் திருப்பி எடுக்கப் போனாள்.
'இருக்கட்டும்' என்றார் தியோ.
போத்தல் என் கைக்கு வந்தது.
சாய்த்துத்தான் ஊற்றினேன்,
ஆனாலும் நுரை மூன்று விரல் எழும்பி
மேசைமேல் வழிந்தது.
லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை என்றார் ரஹ்மாட்.